‘ரா’வை நம்பாத பிரதமர்

1977 மார்ச் 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமராகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 81. இரண்டு மாதங்களுக்கு முன்புவரை காவலில் இருந்தவர். 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரவில் கைது செய்யப்பட்டு, 19 மாதங்கள் ஹரியானாவில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். சிறைக்குப் போனவர் பிரதமராவது இந்தியாவுக்குப் புதிதல்ல. நேரு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். ஆனால் நேருவைப் பிடித்து அடைத்தது வெள்ளைக்காரன் அரசு. மொரார்ஜியை அடைத்து வைத்ததோ, இப்போது அவரே தலைமை ஏற்கப்போகும் அரசு. அதே அதிகாரிகள், அதே அலுவலகங்கள், அதே கோப்புகள். தன் வீட்டு வாசலில் யார் நின்று யார் வந்தார், யார் போனார் என்று எழுதிக்கொண்டிருந்தார்களோ, அவர்களுடைய அறிக்கைகள் நாளை காலை அவர் மேசைக்கே வரும்.

இந்த நிலையில் ஒரு மனிதர் சந்தேகப்படாமல் இருந்தால்தான் வியப்பு. அவருடைய சந்தேகத்தில் பெரும்பகுதி போய் விழுந்தது ‘ரா’ என்ற வெளிநாட்டு உளவு அமைப்பின் மீது. அடுத்த இரண்டேகால் ஆண்டுகளில் நடந்தவற்றைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. நாட்டின் கண்களைத் தானே குத்திக்கொண்ட பிரதமர் என்பது ஒன்று. இந்திராவின் ஒற்றர் படையை அடக்கிய ஜனநாயகவாதி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது இரண்டிலும் விடுபட்டுப்போன ஒன்று. மொரார்ஜி அந்த அமைப்பை நம்பினாரா இல்லையா என்பது இவ்வளவு பெரிய விஷயமாக ஏன் ஆனது? ஒரு முதியவரின் மனக்கசப்பு, எல்லை தாண்டி எங்கோ உயிரைப் பணயம் வைத்தவர்களின் தலையெழுத்தை மாற்றும்படி ஏன் இருந்தது?

அதற்கு ‘ரா’ பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷார் 1887-இல் தொடங்கிய உளவுத்துறையின் வாரிசுதான் ‘இன்டெலிஜென்ஸ் பீரோ’ என்ற ஐ.பி. சுதந்திரத்துக்குப் பிறகு உள்நாடு, வெளிநாடு இரண்டையும் அதுவே பார்த்தது. 1962-இல் சீனாவிடம் வாங்கிய அடியும், 1965-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரும், ஒரே அமைப்பு இரண்டு வேலைகளையும் செய்ய முடியாது என்று காட்டின. 1968 செப்டம்பர் 21 அன்று இந்திரா காந்தி வெளிநாட்டு உளவைத் தனியே பிரித்தார். தலைவராக வந்தவர் ஆர்.என். காவ். காஷ்மீரி பண்டிட் குடும்பம், பனாரஸில் பிறந்தவர், படம் எடுக்க வந்தால் ஒதுங்கிப்போகிறவர். ஆரம்பத்தில் சுமார் 250 பேர் இருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே ஒரு சின்ன விவரத்தில் சற்று நிற்க வேண்டும். ‘ரிசர்ச் அண்ட் அனாலிசிஸ் விங்’ என்ற அந்த அமைப்பின் முழுப்பெயரிலேயே ‘விங்’, அதாவது பிரிவு, என்று இருக்கிறது. ‘ரா’ ஒரு துறை அல்ல, அமைச்சகம் அல்ல, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் உருவான நிறுவனமும் அல்ல. அமைச்சரவைச் செயலகத்தின் ஒரு பிரிவு, அவ்வளவுதான். நிர்வாக உத்தரவு ஒன்று போதும், பிறந்துவிடும். அதன் தலைவர் அந்தச் செயலகத்தில் ஒரு செயலாளர். நேரே பிரதமரிடம் பேசுவார். கணக்கு கேட்க நாடாளுமன்றக் குழு கிடையாது. எது செய்யலாம், எது கூடாது என்று வெளியில் எழுதி வைத்த விதி கிடையாது. வேகமும் ரகசியமும் வேண்டும் என்றுதான் அப்படி அமைத்தார்கள். அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. பிரதமருக்கும் அமைப்பின் தலைவருக்கும் இடையிலான தனிப்பட்ட நம்பிக்கை ஒன்றே அதன் அஸ்திவாரம். ஆள் மாறினால் அஸ்திவாரமும் போய்விடும்.

இதில் இன்னொரு விசித்திரம். ‘ரா’ உருவான அந்த நாளில் நாட்டின் துணைப் பிரதமரும் நிதியமைச்சரும் மொரார்ஜி தேசாய்தான். ஆனால் அரசியலில் அவர் ஏற்கெனவே ஓரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தார். தமிழ் வாசகர்களுக்கு இதன் முன்கதை தெரியும். 1963-இல் காமராஜர் திட்டத்தின்படி பதவி விலகியவர்களில் மொரார்ஜியும் ஒருவர். 1964-இல் நேருவுக்குப் பின் சாஸ்திரி, 1966-இல் சாஸ்திரிக்குப் பின் இந்திரா என்று இரண்டு முறையும் மொரார்ஜிக்குப் பிரதமர் நாற்காலி கிடைக்காமல் போனதில் காமராஜரின் பங்கு பெரிது. 1966-இல் விடாமல் போட்டியிட்டு 355-க்கு 169 என்ற கணக்கில் இந்திராவிடம் தோற்றார். 1969 ஜூலையில் அவரிடமிருந்து நிதித்துறையை இந்திரா பறித்தார், மொரார்ஜி வெளியேறினார், வங்கிகள் தேசியமயமாயின. ஆகவே 1977-இல் அவர் ‘ரா’வைப் பார்த்தபோது அங்கே அரசின் ஒரு கருவி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்திராவின் கைக்கருவிதான் தெரிந்தது.

அப்படித் தெரிய நியாயமும் இருந்தது. காவும் இந்திராவும் அவ்வளவு நெருக்கம். 1971-இல் வங்கதேசம் உருவானதில் அந்நாட்டு விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பின்னால் ‘ரா’ இருந்தது. 1975-இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததிலும் அதன் கை இருந்தது. இரண்டுமே இந்திராவின் பெருமைகளாகப் பேசப்பட்டவை. அந்த வெற்றிகளின் நிழலில்தான் நெருக்கடி நிலை வந்தது.

நெருக்கடி நிலையை எங்கிருந்தோ கேட்ட செய்தியாகத் தமிழ்நாடு நினைக்காது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, கட்சிக்காரர்கள் விசாரணையின்றி அடைத்து வைக்கும் மிசா சட்டத்தில் அள்ளிச் செல்லப்பட்டார்கள், சென்னைச் சிறையில் அடி வாங்கியவர்களின் பெயர்கள் இன்றும் மேடைகளில் சொல்லப்படுகின்றன. ‘மிசா’ என்ற சொல் ஒருவரின் பெயருக்கு முன்னால் பட்டம் போல ஒட்டிக்கொண்ட ஊர் இது. யாரைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் யாரைக் கண்காணித்தார்கள் என்ற கேள்வி அன்று நாடு முழுக்க எழுந்தது. மொரார்ஜியின் ஜனதா அரசு அமைத்த ஷா கமிஷன் அதை விசாரித்தது. ஐ.பி.யும் சி.பி.ஐ.யும் அரசியலுக்குப் பயன்படுத்தப்பட்டதை ஆராயத் தனியே எல்.பி. சிங் தலைமையில் ஒரு குழுவும் போடப்பட்டது.

‘ரா’வைப் பொறுத்தவரை என்ன? அதில் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றியவர் பி. ராமன். சென்னைத் தமிழர், ஓய்வுக்குப் பிறகு சென்னையிலேயே வாழ்ந்து 2013-இல் மறைந்தவர். தன் நினைவுகளை 2007-இல் புத்தகமாக எழுதினார். நெருக்கடி நிலைக் கொடுமைகளில் ‘ரா’வுக்குப் பங்கு இருந்ததாக எந்த விசாரணையும் நிலைநாட்டவில்லை என்பது அவர் வாதம். உள்ளே இருந்தவரின் சாட்சியம். அந்த அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ராமன் தன் அமைப்பின் தவறுகளை மறைத்தவர் அல்ல, பல இடங்களில் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அதனால் அவர் சொல்வதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், மொரார்ஜி இடத்தில் இருந்து பாருங்கள். ‘நாங்கள் செய்யவில்லை’ என்று அமைப்பு சொல்கிறது. சரிபார்க்க ஒரு வழி வேண்டாமா? கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை வெளியாள் யாருக்குமே தரப்படாத இடத்தில், நிரபராதிகூடத் தன் நிரபராதித்தனத்தைக் காட்ட முடியாது.

காவ் போனார். அவருக்கு அடுத்தவர் கே. சங்கரன் நாயர். ‘ரா’ தொடங்கிய நாளிலிருந்து காவுக்கு வலது கையாக இருந்தவர். அவரையும் புதிய அரசு சந்தேகத்தோடுதான் பார்த்தது. அமைப்பின் தலைவருக்கு இருந்த ‘செயலாளர்’ என்ற பதவிப் பெயர் ‘இயக்குநர்’ என்று மாற்றப்பட்டது. வெளியாருக்கு இது வெறும் பலகை மாற்றமாகத் தோன்றலாம். டெல்லியில் அப்படியல்ல. செயலாளர் என்றால் மற்றத் துறைச் செயலாளர்களோடு சமமாக உட்கார்ந்து பேசலாம், பிரதமரிடம் நேரே போகலாம். பெயரைக் குறைப்பது என்பது கதவைச் சாத்துவது. நாயருக்கு அது புரிந்தது. சில மாதங்கள்கூட முழுதாக இருக்காமல் விலகிவிட்டார். பிறகு என்.எஃப். சன்டூக் வந்தார். பார்சிக்காரர், அமைதியானவர், இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆளாகக் கருதப்பட்டவர். இருந்ததைக் காப்பாற்றிக் கரை சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்று சொல்வார்கள்.

ஆட்களும் பணமும் வெட்டப்பட்டன. எவ்வளவு என்பதை அரசு ஒருபோதும் வெளியிட்டதில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், இந்தத் தொழிலில் வெட்டு எப்படி வேலை செய்கிறது என்பது.

சாலை போடும் துறையில் இந்த ஆண்டு பணத்தைக் குறைத்தால் இந்த ஆண்டு சாலை குறையும். அடுத்த ஆண்டு கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம். உளவில் அப்படி நடக்காது. வேற்று நாட்டு அலுவலகம் ஒன்றில் தகவல் தரும் ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். அவரைக் கண்டுபிடித்து, பழகி, மெல்ல நம்பிக்கை ஏற்படுத்தி, அவர் முதல் காகிதத்தைக் கையில் தருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த ஆளுக்கு இந்திய அரசைத் தெரியாது. தன்னைச் சந்திக்க வரும் அந்த ஒரு அதிகாரியைத்தான் தெரியும். அந்த அதிகாரியைத் திருப்பி அழைத்துவிட்டால், வாக்களித்த பணம் ஒரு முறை வராமல் போனால், அந்த ஆள் வாயை மூடிக்கொள்வார். மீண்டும் போய்க் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். அவரைப் பார்த்து அவருடைய நண்பரும் திறக்கமாட்டார். டெல்லியில் ஆட்சி மாறினால் நம்மைக் கைவிட்டுவிடுவார்கள் என்ற பேச்சு ஒரு முறை பரவினால், அதை அழிக்க ஒரு தலைமுறை ஆகும்.

கைவிடுவது என்றால் என்னவென்று வங்கதேச எல்லையில் நேராகவே தெரிந்தது.

1975 ஆகஸ்ட் 15 அன்று ஷேக் முஜிபுர் ரஹ்மான் டாக்காவில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். முந்தைய ஆண்டின் இறுதியில் காவ் நேரில் போய்ச் சதி பற்றி எச்சரித்ததாகவும், அவர்கள் என் பிள்ளைகள், எனக்கு ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று முஜிப் மறுத்ததாகவும் காவே பின்னாளில் கூறியிருக்கிறார். கொலைக்குப் பிறகு டாங்கைல் பகுதியின் விடுதலைப் போர் நாயகன் காதர் சித்திக்கி தன் ஆட்களோடு எல்லைக்கு வந்து, மேகாலயாப் பக்கம் இருந்துகொண்டு புதிய ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார். இந்தியா ஆதரவு தந்தது. இளைஞர்கள் இந்தியாவை நம்பி வீட்டை விட்டு வந்தார்கள்.

மொரார்ஜிக்கு இதில் உடன்பாடு இல்லை. அண்டை நாட்டில் ஆயுதக் குழுவை வளர்ப்பது தவறு என்று அவர் உண்மையாகவே நம்பினார். காந்தியவாதி, அந்த நம்பிக்கையை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. டாக்காவோடு சமாதானமாகப் போய், 1977 நவம்பரில் ஃபரக்கா தண்ணீர்ப் பங்கீட்டு உடன்பாட்டையும் கண்டார். கொள்கையை மாற்ற மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமருக்கு முழு உரிமை உண்டு; உளவு அமைப்புக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது மாறாமல் இருக்க முடியாது. இதில் நான் மொரார்ஜி பக்கம்தான். ஆனால் கொள்கை மாறிய விதம்? சித்திக்கியின் ஆட்கள் பலர் எல்லையில் வங்கதேசத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். யாருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார்களோ அவர்கள் கையிலேயே. சித்திக்கி இந்தியாவிலேயே தங்கி, 1990-இல்தான் நாடு திரும்பினார். ஒரு அரசு கொடுத்த வாக்கை அடுத்த அரசு நிறுத்தலாம். வாக்கை நம்பி வந்தவனைத் தூக்கிக் கொடுப்பது வேறு. அந்த இளைஞர்களுக்கு வாக்களித்தது இந்திரா என்ற தனி மனிதர்தான், இந்தியா அல்ல என்று மொரார்ஜி அரசு நினைத்தது போலிருக்கிறது.

சிக்கிமிலும் இதே பார்வைதான். 1978-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையிடம், சிக்கிமை இணைத்தது தவறு, ஆனால் இனி அதை மாற்ற முடியாது என்றார் பிரதமர். நேர்மையான பதில். ஆனால் அந்த வேலையைச் செய்தவர்கள் இன்னும் அவர் அரசில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கள் தலைவரே வெளிநாட்டுப் பத்திரிகையில் அதைத் தவறு என்று சொல்வதை அவர்கள் செய்தித்தாளில் படித்தார்கள்.

இனி, எல்லாருக்கும் தெரிந்த பாகிஸ்தான் கதை. கஹூட்டாவில் பாகிஸ்தான் ரகசியமாக அணு ஆயுதத்துக்கான யுரேனியம் செறிவூட்டலைத் தொடங்கியதை ‘ரா’ மோப்பம் பிடித்துவிட்டது. பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் மொரார்ஜிக்கு அடிக்கடி தொலைபேசியில் பேசுவார், மொரார்ஜி கடைப்பிடித்த சிறுநீர் வைத்தியம் பற்றிக்கூட ஆலோசனை கேட்பார். அப்படி ஒரு பேச்சில் உங்கள் அணுத் திட்டம் எங்களுக்குத் தெரியும் என்று மொரார்ஜி சொல்லிவிட்டார் என்பது ராமன் எழுதியிருப்பது. இதோடு முடிதிருத்தும் கடையில் விஞ்ஞானிகளின் முடியைப் பொறுக்கிப் பரிசோதித்தது, கேட்ட தொகையைத் தர மறுத்துக் கஹூட்டா வரைபடத்தையே இழந்தது என்று பலர் பல அலங்காரங்களைச் சேர்த்துவிட்டார்கள். அலங்காரங்களை நான் நம்பவில்லை. 1990-இல் பாகிஸ்தானின் மிக உயர்ந்த விருதான நிஷான்-ஏ-பாகிஸ்தானை மொரார்ஜி பெற்றது இந்தக் கதைக்கு ஆதாரம் போலக் காட்டப்படுகிறது; அது ஆதாரம் அல்ல. ஆனால் மொரார்ஜி அப்படிப் பேசியிருக்கக்கூடியவரா என்று கேட்டால், ஆம். ஒளிவுமறைவு என்பதையே பாவமாகக் கருதியவர். ஒற்றன் சொன்ன தகவலை எதிராளியிடம் சொன்னால், யார் சொன்னது என்று எதிராளி தேடத் தொடங்குவான் என்ற எண்ணம் அப்படிப்பட்டவர் மனத்தில் எழுவது கடினம்.

இவ்வளவையும் சொன்னபின், அவருடைய இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். அது நந்தாதேவி விவகாரம்.

1964-இல் சீனா முதல் அணுகுண்டு சோதனை நடத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் இந்தியாவின் ஐ.பி.யும் சேர்ந்து, சீனச் சோதனைகளைக் கண்காணிக்க நந்தாதேவி சிகரத்தில் ஒரு கருவியை வைக்கப் போயின. அதற்கு மின்சாரம் தர ஒரு புளூட்டோனிய மின்கலம். பனிப்புயலில் உச்சிவரை போக முடியாமல், கருவியை மலையிலேயே கட்டி வைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-இல் திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருக்க வேண்டும். அந்த மலையின் பனி உருகி ரிஷிகங்கையில் கலக்கிறது, ரிஷிகங்கை கங்கையில் போய்ச் சேருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் யாருக்கும் சொல்லவில்லை.

1978 ஏப்ரலில் அமெரிக்க மாத இதழ் ஒன்று இதைப் போட்டு உடைத்தது. டெல்லியில் கொந்தளிப்பு. யோசித்துப் பாருங்கள்: உளவு அமைப்புகளை நம்பாத பிரதமர், சிறையில் தள்ளிய காங்கிரஸ், கங்கையில் புளூட்டோனியம். பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? மொரார்ஜி ஏப்ரல் 17 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆம், நடந்தது என்று ஒப்புக்கொண்டார். அன்றைய அரசின் மிக உயர்ந்த மட்டத்தில் எடுத்த முடிவு அது என்றார். யாரையும் துரோகி என்று காட்டிக் கொடுக்கவில்லை. தண்ணீருக்கு ஆபத்து உண்டா என்று ஆராய விஞ்ஞானிகள் குழு ஒன்றை அமைத்தார். உளவு நடவடிக்கை ஒன்றைப் பற்றி இந்தியப் பிரதமர் ஒருவர் மக்கள் மன்றத்தில் இவ்வளவு திறந்து பேசியது அரிது. அந்தக் கருவி இன்றுவரை கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் சமோலியில் வெள்ளம் வந்தபோது ரைணி கிராமத்து மக்கள் முதலில் கேட்ட கேள்விகளில் அந்தக் கருவியும் இருந்தது.

அந்த ஏப்ரல் நாளில் மொரார்ஜி செய்ததைத்தான் ஓர் ஏற்பாடாக, சட்டமாக ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ஒரு தனி மனிதரின் நேர்மையால் நடந்தது, யார் பிரதமராக இருந்தாலும் நடந்தாக வேண்டியதாக மாறியிருக்க வேண்டும்.

முடியாத காரியமா? அதே 1977-இல் உலகின் மறுபக்கத்தில் கிட்டத்தட்ட இதே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் உளவு அமைப்புகள் மீது சந்தேகத்தோடு வந்த அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சி.ஐ.ஏ.வுக்குத் தன் கடற்படைக் கல்லூரித் தோழர் ஸ்டான்ஸ்ஃபீல்ட் டர்னரைத் தலைவராக்கினார். அக்டோபர் 31 அன்று டர்னர் ரகசிய நடவடிக்கைப் பிரிவில் 800-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கும் கடிதங்களை அனுப்பத் தொடங்கினார். அங்கும் மனக்கசப்பு, அங்கும் கைவிடப்பட்ட உணர்வு. ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்திருந்தது. 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்கள்வரை எல்லாவற்றையும் தோண்டி எடுத்தது. அதன் விளைவாக 1976-இல் செனட்டிலும் 1977-இல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் வந்தன. 1978-இல் ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த ஏற்பாடுகளில் ஓட்டைகள் உண்டு. பின்னாளில் அவை மீறப்பட்டதும் உண்டு. ஆனால் கார்ட்டர் போனபிறகும் அவை இருந்தன.

ஜனதா அரசுக்குச் சட்டம் போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. மிசாவை ஒழித்தார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்து, ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நெருக்கடி நிலை அறிவிக்கும் வழியை அடைத்தார்கள். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதி வைத்தார்கள். இன்றுவரை நம்மைக் காப்பது அந்தத் தாழ்ப்பாள்கள்தான். நெருக்கடி நிலை விஷயத்தில் இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள், உளவு அமைப்புகள் என்று வந்தபோது ஆளை மாற்றினால் போதும், பணத்தைக் குறைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஐ.பி.க்கோ ‘ரா’வுக்கோ சட்டம் எழுதப்படவில்லை. நாடாளுமன்றக் குழு அமைக்கப்படவில்லை. 1979 ஜூலையில் அரசு கவிழ்ந்தது.

மொரார்ஜியையும் உளவு விட்டுவிடவில்லை. 1983-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ், மொரார்ஜி அமைச்சராக இருந்தபோது சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கித் தகவல் தந்தார் என்று எழுதினார். மொரார்ஜி சிகாகோவில் 5 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சரே சாட்சியம் அளித்து, தனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை என்றார். ஆனால் 1989-இல் நடுவர் குழு ஹெர்ஷுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டு உண்மை என்று அந்தத் தீர்ப்புக்குப் பொருள் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, பொது வாழ்வில் உள்ளவர் அவதூறை நிரூபிப்பது மிகக் கடினம். 93 வயது மனிதர் தன் பெயரைக் கழுவ ஒரு வழியும் இல்லாமல் நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

1980-இல் இந்திரா திரும்பி வந்தார். மொரார்ஜி காலத்தில் வந்த சன்டூக்கை அவர் தூக்கி எறியவில்லை. 1983-இல் ஓய்வுபெறும்வரை அவரே தலைவராகத் தொடர்ந்தார். காவ் ஆலோசகராகத் திரும்பினார். அமைப்பு மறுபடி வளர்ந்தது. அதே பழைய அஸ்திவாரத்தின் மேல்தான்.

அதன் பலனைத் தமிழர்கள் அனுபவித்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு உத்தரப் பிரதேசத்து முகாம்களில் ‘ரா’ பயிற்சி அளித்தது. எத்தனை பேருக்கு, எந்தக் குழுவுக்கு எவ்வளவு, எதை நோக்கி, எங்கே நிறுத்துவது என்று எந்த நாடாளுமன்றக் குழுவும் கேட்டதில்லை. கேட்க ஒரு குழுவே இல்லை. குழுக்களை ஒன்றுக்கொன்று எதிராக வளர்த்துவிட்டார்கள் என்ற கசப்பு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. 1987-இல் பிரதமர் மாறியிருந்தார், கொள்கை மாறியது, அமைதிப்படை போனது, பயிற்சி தந்தவர்களும் பெற்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் வந்து முடிந்தது. மேகாலய எல்லையில் சித்திக்கியின் ஆட்களுக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு பிரதமர் தந்த வாக்கு அடுத்தவர் மனத்தைப் பொறுத்து மாறியது. நடுவில் நின்றவர்களுக்கு அதில் ஒரு சொல் சொல்லவும் இடம் இருக்கவில்லை.

இந்திய உளவு அமைப்புகளைப் பற்றி நாடாளுமன்றம் சட்டமே இயற்றவில்லை என்று சொல்ல முடியாது. 1980 வாக்கில் ‘ரா’ ஊழியர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1984-இல் அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு திருத்தப்பட்டது. 1985-இல் உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் அமைப்பதையும் பத்திரிகைகளிடம் பேசுவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ஐ.பி.யும் ‘ரா’வும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களின் வாயைக் கட்டச் சட்டம் இருக்கிறது. அங்கே உத்தரவு போடுபவர்களின் கையைக் கட்ட இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபோது 24-ஆவது பிரிவு இந்த அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது. 2011-இல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி, உளவு அமைப்புகளுக்குச் சட்ட அடிப்படையும் நாடாளுமன்றக் கண்காணிப்பும் தரும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அப்போது ஆட்சியில் இருந்ததும் காங்கிரஸ்தான்.

2021-இல் பெகாசஸ் என்ற வேவு மென்பொருளால் எதிர்க்கட்சியினர், பத்திரிகையாளர்களின் கைப்பேசிகள் குறிவைக்கப்பட்டன என்று செய்தி வந்தபோது, கேள்வி கேட்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது: உச்ச நீதிமன்றம். ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது. 29 கைப்பேசிகளை அது சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. 2022 ஆகஸ்ட் 25 அன்று அறிக்கையின் சில பகுதிகளை நீதிமன்றத்தில் படித்துக் காட்டிய தலைமை நீதிபதி ரமணா, விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு எழுதியிருப்பதையும் சொன்னார்.